கமக்காரரும் ஆலைக்காரரும் ஒன்றா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையின் பொருளாதாரப் பக்கத்தில் போட்டிச் சட்டம், அதாவது வியாபாரத்தில் போட்டியைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம், பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். எழுதியவர் படித்தவர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடுவில் ஒரு வசனம். விவசாயிகள் கூடி விலை வைப்பதும் ஆலை உரிமையாளர்கள் கூடி விலை வைப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றேதானாம். இரண்டுமே பாவனையாளருக்குச் செய்யும் அநியாயமாம். அதற்குப் பிறகு மிச்சக் கட்டுரையில் மனம் போகவில்லை.

வயல் செய்யும் கமக்காரர் யார், நெல் குற்றும் ஆலைக்காரர் யார் என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கட்டுரையாளருக்காக மட்டும் எங்கள் பக்கத்து நெல் விற்பனையைக் கொஞ்சம் சொல்கிறேன். காலபோக அறுவடை தொடங்கினால் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களெல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெட்டுக்கு வரும். மெசின் வெட்டிய நெல் ஈரமாக இருக்கும். காயவிடத் தளம் இல்லாதவர் தார் ரோட்டோரம் படங்கு விரிக்கிறார். மழைக்கும் மாட்டுக்கும் நடுவே அவர் காவல் நிற்கும் நேரம் பார்த்து லொறி வரும். வருகிற யாவாரி குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். இரண்டு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துவிட்டு, "ஈரம் கூடவண்ணை" என்பார். அவருடைய ஈரப்பதன் மானி அதுதான். அப்புறம் விலை. விலைக்குப் பிறகு மூடைக்கு இரண்டு மூன்று கிலோ கழிவு, அதாவது அந்த நிறைக்குக் காசில்லை. ஏன் கழிவு என்று கேட்டால் வழமை என்று பதில் வரும். சரி, நாளைக்கு வேறு லொறி வரட்டும் என்று விட்டுப் பார்த்தால், நாளைக்கு வருகிறவரும் அதே விலையைத்தான் சொல்லுவார், ஐம்பது சதம்கூட மாறாது. இவர்கள் கூடிப் பேசினார்களா என்று எந்தக் கட்டுரையாளரும் வந்து விசாரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

விற்க மாட்டேன் என்று நிற்கவும் முடியாது. விதைநெல்லும் பசளையும் கடனுக்குத் தந்த கடைக்காரரே பல இடங்களில் நெல்லையும் எடுக்கிறார். மெசின்காரருக்கு அன்றைக்கே காசு வேண்டும். நகை வங்கியில் அடகில் கிடக்கிறது. அரசாங்க விலை இருக்கிறதே என்பீர்கள். 2025 இல் நாட்டு வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று அறிவித்தபோது பெப்ரவரி பிறந்துவிட்டது. அதுவும் 14 வீத ஈரப்பதனுக்குக் காய்ந்த நெல்லுக்கு. படங்கு விரித்துக் காவல் நிற்பவனிடம் 14 வீதம் கேட்பது யாருடைய யோசனையோ தெரியவில்லை.

நான் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு போகம் கமக்காரரைக் கூட்டி, நெல்லைச் சங்கத்தில் சேர்த்து, காயவைத்து, ஒரே விலையாக ஆலையோடு பேசுவோம் என்று ஏற்பாடு செய்தோம். கூட்டத்துக்கு வந்த உத்தியோகத்தர் ஒருவர், "இப்படிக் கூடி விலை பேசினால் சட்டப் பிரச்சினை வரும்" என்று எச்சரித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார். அதைக் கேட்டே பாதிப் பேர் கழன்றார்கள். மிச்சப் பேரின் நெல்லை எடுக்க லொறிகள் வரவில்லை, அடுத்த ஊருக்குப் போயின. அந்த லொறிகளுக்கு எந்தச் சட்டப் பிரச்சினையும் வரவில்லை.

ஆகவே கட்டுரையாளரின் வசனம் எனக்குப் புதிதல்ல. இப்போது அது அச்சில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மகள் சட்டம் படித்தபோது வீட்டில் விட்டுப் போன புத்தகங்களைப் புரட்டிய தைரியத்தில் இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன், பொறுத்தருளவும். போட்டிச் சட்டத்துக்குப் பாவனையாளர் நலன் ஒன்றே குறி, சமூக நோக்கங்களை அதற்குள் கலக்கக் கூடாது என்கிறார் கட்டுரையாளர். இது சிகாகோப் பக்கத்து அறிஞர்கள் 1970களில் அழுத்திச் சொல்லி அமெரிக்க நீதிமன்றங்கள் பிடித்துக்கொண்ட கருத்து. அதே அமெரிக்காவில் 1890 இல் சேர்மன் சட்டம் என்ற போட்டிச் சட்டம் வந்ததற்கு ரயில் கம்பனிகள் மீதும் பெருங்கம்பனிகள் மீதும் விவசாயிகள் கொண்ட ஆத்திரமும் ஒரு காரணம். 1922 இல் கப்பர்-வோல்ஸ்டெட் சட்டம் என்று ஒன்றைத் தனியாக இயற்றி, கமக்காரர் சங்கம் சேர்ந்து விளைபொருளைக் கூட்டாக விற்கலாம், அது குற்றமில்லை என்றார்கள். விலையை அளவுக்கு மீறி ஏற்றினால் தலையிட விவசாயச் செயலாளருக்கு அதிகாரமும் வைத்தார்கள். தென்னாபிரிக்காவின் 1998 ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், வேலைவாய்ப்பையும் சிறு நடுத்தர முயற்சியாளரின் பங்கையும் நோக்கங்களிலேயே எழுதியிருக்கிறது. அமெரிக்க வோல்மார்ட் அங்கே மாஸ்மார்ட் என்ற கடைக் கம்பனியை வாங்கியபோது, 2012 இல் போட்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் வேலையால் நிறுத்தப்பட்ட 503 தொழிலாளரைத் திரும்ப எடுக்கச் சொன்னது. உள்ளூர் வழங்குநருக்கு நிதி ஒதுக்கவும் சொன்னது. சாமான் மலிவாக வரும் என்று சொல்லித் தப்ப விடவில்லை.

எங்கள் சட்டமும் கட்டுரையாளர் சொல்வதுபோல் ஒற்றைக் கண் சட்டமல்ல. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவை அவர் ஒருமுறை வாசிக்கட்டும். பொருளை உற்பத்தி செய்வதிலும் வழங்குவதிலும் மட்டுமல்ல, பொருளைக் கொள்வனவு செய்வதிலும் போட்டியைக் கெடுத்தால் அது போட்டிக்கு விரோதமான செயல்தான். லொறிக்காரரும் ஆலைக்காரரும் அதற்குள் வருகிறார்கள். முறைப்பாடு வராமலே விசாரிக்க 34 ஆம் பிரிவு அதிகாரசபைக்கு அதிகாரமும் தருகிறது. நாங்கள் கண்டதெல்லாம், அரிசி விலை ஏறும்போது சில்லறைக் கடைக்காரனைப் பிடித்துத் தண்டம் எழுதுவதைத்தான். 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு 230 ரூபா உச்ச விலை வைத்தார்கள். அரிசி எந்தக் களஞ்சியத்தில் நிற்கிறது என்று நாடே பேசியது. சோதனை வந்தது எங்கள் சந்தி மளிகைக் கடைக்கு.

1987 ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் கம்பனிகள் ஒன்றுசேர்வதை விசாரிக்க ஏற்பாடு இருந்தது. 2003 இல் அதைக் கைவிட்டார்கள். கட்டுரையில் இதைப் பற்றி மூச்சுமில்லை. 2024 இல் டயலொக், எயார்டெல் என்ற தொலைபேசிக் கம்பனிகள் இரண்டும் சேர்ந்தபோது தொலைத்தொடர்பு ஆணைக்குழுதான் பார்த்தது. நாளைக்கு இரண்டு பெரிய அரிசி ஆலைகள் சேர்ந்தால் யார் பார்ப்பார்கள்? கேட்டால் நாங்கள் பொருளாதாரம் தெரியாத வன்னிச் சனம்.

தெரியாதுதான். யூரியாவும் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் வன்னிக்குத் தடை செய்யப்பட்ட யுத்த வருசங்களில் கிடைத்ததைப் பங்கிட்டது கூட்டுறவுச் சங்கக்கடைதான். அப்போது எந்தப் பாவனையாளர் நலன் விற்பன்னரும் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வரவில்லை. 2021 இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியபோதும் எங்களைக் கேட்கவில்லை. வவுனியாப் பொருளாதார மத்திய நிலையம் என்ற மொத்தச் சந்தையைக் கட்டுவது ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று 2016 இல் அரசியல்வாதிகள் அடிபட்டார்கள். காய்கறியோ தம்புள்ளைக்கே போய்க்கொண்டிருந்தது. இதையெல்லாம் பற்றி முன்பொருமுறை எழுதியிருந்தேன். தாங்கள் அதில் குளத்தை வர்ணித்த நாலு வரியை மட்டும் போட்டு மிச்சத்தை வெட்டியிருந்தீர்கள். பக்கத்தில் கொக்கின் படமும் போட்டீர்கள். நல்ல படம், நன்றி.

தங்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. கட்டுரையாளர் 35 ஆம் பிரிவைப் பற்றித் தன் பதிலை எழுதட்டும், வாசிக்கக் காத்திருக்கிறேன். அடுத்தது, சந்தை நிலவரப் பகுதியில் புறக்கோட்டை விலையும் தம்புள்ளை விலையும் தவறாமல் வருகின்றன. தை, மாசி மாதங்களிலாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு இடங்களிலும் வயலில் வைத்து நெல் எடுக்கும் விலையை, கழிவையும் சேர்த்து, ஒரு சின்னப் பெட்டியில் போடுங்கள். பத்திரிகையைப் பார்த்துவிட்டு லொறியோடு பேசினால் எங்களுக்கு ஒரு பிடி இருக்கும். கிளிநொச்சி விலையைச் சொல்ல ஆளில்லை என்றால் வாராவாரம் நானே தொலைபேசியில் சொல்கிறேன். காசு எதுவும் தர வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க முகாமையாளர்,
முரசுமோட்டை, கிளிநொச்சி.