அண்ணையின் மணிக்கணக்கு

மதிப்பிற்குரிய துணைவேந்தருக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். காட்சித் தொடர்பியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி எழுதுகிறேன். சென்ற பருவத்தில் எங்கள் துறைக்கு உறைவிடக் கலைஞராக, அதாவது இங்கேயே இருந்து கலை சொல்லித்தருபவராக, வந்தவரை மறுபடி அழைப்பதா வேண்டாமா என்று வரும் கூட்டத்தில் பேசப்போகிறீர்களாம். அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

முதல் நாள் ‘சார்’ என்றோம். “அண்ணை எண்டு கூப்பிடுங்கோ, போதும்” என்றார். 1990இல் மன்னாரிலிருந்து படகேறி, மண்டபம் முகாம் வழியாக மதுரைப் பக்கத்து முகாமுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு ஏழு வயது. சுடுமண் சிற்பம், நாட்டுக்கூத்து, காணொளி என்று மூன்றிலும் கை தேர்ந்தவர். முனைவர் பட்டம் இல்லை என்று சிலர் முணுமுணுத்ததும் எங்கள் காதில் விழுந்தது. துறை வல்லுநர்களைப் பட்டம் பார்க்காமல் பேராசிரியராக அமர்த்த பல்கலைக்கழக மானியக்குழு 2022இலேயே வழி செய்துவிட்டது. கலைஞர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் 2023இல் தனி வழிகாட்டுதலே வந்தது. அந்தப் பேச்சை இத்தோடு விடலாம்.

அவர் கொடுத்த பயிற்சி இதுதான்: உங்கள் குடும்பம் மதுரைக்கு எங்கிருந்து வந்தது என்று வீட்டில் கேளுங்கள், அந்த வழியைச் சுங்குடி முடிச்சாகத் துணியில் போடுங்கள். கிருஷ்ணராயர் தெப்பக்குளம் பக்கம் சுங்குடி கட்டும் ஒரு பாட்டியையே அழைத்து வந்தார். துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். முதல் வாரம் முழுக்க விரல்தான் வீங்கியது. சௌராஷ்டிரத் தோழியின் முடிச்சு வரிசை குஜராத்திலிருந்து தொடங்கியது. இன்னொருத்தியின் தாத்தா 1964இல் பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பியவர் என்பது அவளுக்கே அன்றுதான் தெரியும். என் வரிசை உசிலம்பட்டியிலிருந்து மதுரை, அவ்வளவுதான். கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அண்ணையும் தன் வரிசையைப் போட்டார். அதில் கடல் தாண்டும் இடத்துக்கு ஒரு விரற்கடைகூடத் தேவைப்படவில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்தானே.

சாயத்தில் முக்கிக் காயவைத்து முடிச்சைப் பிரித்தால்தான் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பிரித்த அன்று மாலை ஐந்தரைக்கு மின்விளக்கை அணைத்துவிட்டார்கள். அறையைப் பூட்ட வேண்டுமாம். காவலாளியைக் குறை சொல்லவில்லை, அவருக்கு வந்த உத்தரவு அது. மீதியை வாசலுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தோம்.

அந்த மாலைக்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. வாரத்துக்கு ஆறு மணி நேரம், கையெழுத்துப் போட்ட மணிக்கு மட்டும் பணம். சாயம் காய்ச்சிய சனிக்கிழமைகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. முகாமில் ஆட்கள் இருக்கிறார்களா என்று சரிபார்க்கும் தணிக்கை நாளென்றால் அவர் அங்கே இருந்தாக வேண்டும், அன்றைக்கு இங்கே பணம் வெட்டு. ஒரு மாதம் கையில் கிடைத்தது பேருந்துக்கும் நூலுக்கும் சரியாகப் போயிற்று. நூலும் அவர் காசு!

ஆகவே மணிக்கணக்கை விட்டுவிட்டு மாதத் தொகுப்பூதியம் கொடுங்கள். இரவு எட்டு வரை திறந்திருக்கும் ஓர் அறையையும் அதன் சாவியையும் அவர் கையிலேயே கொடுங்கள். அப்புறம், சுவரொட்டியில் ‘அகதிக் கலைஞர்’ என்று அச்சடிக்காதீர்கள். ‘அகதிகள் முகாம்’ என்பதைத் தமிழக அரசே 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றிவிட்டது. சென்ற முறை அந்தச் சுவரொட்டியைப் படித்த அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

துணி எங்கள் விடுதி அறையில் இருக்கிறது. கூட்டத்துக்கு முன் பார்க்க விரும்பினால் சொல்லியனுப்புங்கள், கொண்டு வருகிறோம். எட்டு முழம். விரித்துப் பிடிக்க நாலு பேர் வேண்டும்.

இப்படிக்கு,
காட்சித் தொடர்பியல் மாணவி ஒருத்தி
மதுரை