பழவேற்காட்டுக்கு வரும் குடும்பங்களுக்குக் கரையிலேயே அமர்ந்து உண்ண இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காணும் பொங்கல் வந்தால் பழவேற்காட்டில் சுற்றுலாப் படகுகளைத் தடுக்கக் காவலர்கள் நிற்பதும், கூட்டம் கலைந்த சில நாட்களில் அதே படகுகள் மறுபடியும் ஆட்களை ஏற்றத் தொடங்குவதும் எங்கள் பகுதியில் பழகிப்போன காட்சிகள். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஏரியைப் பார்க்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. தடை மிகவும் சரியானது. அதைத் தளர்த்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் படகில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்ட பிறகு, ஏரியைப் பார்க்க வரும் ஒரு குடும்பம் கரையில் எங்கே உட்காரும், என்ன சாப்பிடும், குழந்தையை எங்கே கை கழுவ அழைத்துப் போகும் என்று இத்தனை ஆண்டுகளில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அதைக் கேட்கவே இந்தக் கடிதம்.

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி, செங்குன்றம், வட சென்னை ஆகிய ஊர்களில் வாரம் ஆறு நாள் உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்காவது அழைத்துப் போக வேண்டும் என்று நினைக்கிற குடும்பங்கள்தான் இங்கே பெரும்பாலும் வருகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையின் கேளிக்கைப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் கொடுத்துக் கட்டுப்படியாகாதவர்கள் இவர்கள். புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கி, பேருந்து பிடித்து, பாட்டி முதல் கைக்குழந்தை வரை சேர்ந்து வருகிறார்கள். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இவ்வளவு அருகில் இருப்பதும், அதன் கரைக்குப் போகக் கட்டணம் எதுவும் இல்லாததும் இவர்களுக்குப் பெரிய கொடை.

வந்தவர்கள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தையும், அதன் வாசலில் செதுக்கப்பட்டிருக்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களையும் பார்க்கிறார்கள். 1613-இல் கட்டப்பட்ட கோட்டை எங்கே என்று கேட்டு, புதர் மண்டிய மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். குளிர்காலமாக இருந்தால் தொலைவில் பூநாரைகள் தெரியும். பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கம் பக்கம் போனால் கடல். இவ்வளவுக்கும் இரண்டு மணி நேரம் போதும். அதற்குள் உச்சி வெயில் வந்துவிடும். கரையோரத்தில் குடும்பமாக உட்கார நிழல் கிடையாது. பிள்ளைகள் சிணுங்கத் தொடங்குகிற அந்த நேரத்தில்தான் ஒருவர் வந்து, 'அரை மணி நேரந்தான் சார், முகத்துவாரம் வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்' என்கிறார். வேறு எதுவும் செய்வதற்கு இல்லாத குடும்பம் படகில் ஏறிவிடுகிறது.

அப்படி அழைக்கிறவரைக் குற்றவாளியாக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏரியில் மீன் குறைந்துவிட்ட நாட்களில் வலை வீசிக் கிடைப்பதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு குடும்பங்களை ஏற்றி இறக்கினால் கிடைப்பது அதிகம். பல வீடுகளில் கணவர் படகை எடுக்கிறார், மனைவி இறால் விற்கிறார். மனைவியின் தட்டுக்கடையில் அந்த ஞாயிற்றுக்கிழமை வருமானம் நிலையாக வரும் என்றால், கணவரின் படகைக் காவலர் வந்து தடுக்க வேண்டிய தேவை பெருமளவு குறையும் என்பது என் உறுதியான எண்ணம். படகுத் தடையைக் காப்பாற்றப்போவது கரையில் இருக்கும் அடுப்புகள்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்றைக்கு அந்த அடுப்புகள் எப்படி இருக்கின்றன? பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு பெண்மணி நான்கு செங்கற்களை வைத்து, அதன் மேல் இரும்புச் சட்டியை ஏற்றி, விறகு எரித்து இறால் வறுத்துக் கொடுக்கிறார். அரிவாள்மனையில் உட்கார்ந்தபடியே இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை ஒரே இழுப்பில் எடுத்துவிடுகிறார். அரைத்த மிளகாய் விழுதும் பூண்டும் உப்பும் சிறிது புளிக்கரைசலும்தான் மசாலா, நிறப்பொடி கிடையாது. மீனையோ நண்டையோ நாமே சந்தையில் வாங்கிக் கொடுத்தால் கூலிக்குக் குழம்பு வைத்துத் தரும் வீடுகளும் ஊருக்குள் இருக்கின்றன. இந்தச் சாப்பாட்டுக்காகவே மறுபடி மறுபடி வருகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் என் குடும்பமும் அவர்களில் சேர்த்தி.

ஆனால் இதே பெண்மணியிடம் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு உட்கார்வதற்கு இடம் இல்லை. பைக்கின் மீது தட்டை வைத்துச் சாப்பிடுகிறார்கள், பாலத்தின் ஓரக் கட்டையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கை கழுவக் குழாய் கிடையாது. பாத்திரம் கழுவ ஒரு குடம் தண்ணீரை நாள் முழுவதும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேரும் கெட்ட பொருட்களான மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் சாலையோரத்துச் சட்டிகள் சிலவற்றில் எண்ணெய் கறுத்துப்போய்க் கிடப்பதை எவரும் பார்க்கலாம். வேறொரு சங்கடமும் உண்டு. சற்று வசதியாக மேசை நாற்காலி போட்டிருக்கும் ஒரு கடையில், 'ஏரி மீன்' என்று சொல்லி வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த கடல் மீனைப் பரிமாறினார்கள். விலைப்பட்டியல் தொங்கவிடப்படவில்லை, சாப்பிட்டு முடித்த பிறகு அவர்கள் சொன்னதுதான் விலை. மீன் பழகிய எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்துவிடும், தொலைவிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது.

ஏரி தருவது ஒன்றும் குறைவல்ல. மடவை, கொடுவா, கெளுத்தி, வெள்ளை இறால், சேற்று நண்டு என்று பருவத்துக்கு ஏற்பப் பிடிபடுகின்றன. இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பனை ஓலையில் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடித்து அதில் போடுகிறார்கள். அப்படிப் பல மணி நேரம் குனிந்து நின்று பிடித்த இறாலைக் கரையிலேயே வியாபாரியிடம் அவர் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பெரிய நண்டுகள் ஏற்றுமதிக்குப் போய்விடுகின்றன. ஏரிக்கரைக்கு வந்த குடும்பம் ஏரி இறாலைச் சாப்பிடாமல் திரும்புவதும், இறாலைப் பிடித்தவர் அந்தக் குடும்பத்தின் பணத்தில் ஒரு ரூபாய்கூடப் பார்க்காமல் போவதும் ஒரே நாளில் ஒரே கரையில் நடக்கின்றன. இதை மாற்றுவதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. கோடை விடுமுறையையும் நினைத்துப் பார்க்க வேண்டும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்பதால் மற்ற இடங்களில் மீன் வரத்துக் குறைந்து விலை ஏறிவிடுகிறது. அந்தத் தடை ஏரியில் வலை வீசும் சிறு படகுகளுக்குப் பொருந்தாது. பள்ளிகள் மூடியிருக்கும் அதே மாதங்களில், அளவாகக் கிடைத்தாலும் அன்றாடம் பிடித்த மீனைப் பழவேற்காட்டில் சாப்பிட முடியும்.

நான் கேட்பது எளிமையானது. ஊர்ப் பக்கத்துக் கரையில், பறவைகள் கூடும் இடங்களிலிருந்து விலகி, பனை ஓலைக் கூரையும் மரத்தூணும் கொண்ட திறந்த கொட்டகைகள் வேண்டும். சிமெண்டுக் கட்டடம் வேண்டாம். ஏரியின் பறவைகள் சரணாலயத்துக்கான விதிகளும் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் அதற்கு இடம் தராது, தரவும் கூடாது. கொட்டகைக்கு ஒரு புகையில்லா அடுப்பு, ஒரு குழாய், தரையில் பாய் விரித்துக் குடும்பமாக உட்கார இடம், கண்ணுக்குத் தெரியும்படி விலைப்பலகை. இவற்றை ஏரியை நம்பி வாழும் மீனவர், இருளர் குடும்பங்களின் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு மட்டுமே ஒதுக்க வேண்டும். ஏலம் விட்டால் வெளியூர் முதலாளிகள் எடுத்துக்கொண்டு, இதே பெண்களை அங்கே கூலிக்குப் பாத்திரம் கழுவ வைப்பார்கள்.

யாருக்கு எந்தக் கொட்டகை, எந்த நாள் என்பதில் சண்டை வரும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கவலையே இந்த ஊருக்குப் பொருந்தாது. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை இங்குள்ள மீனவக் கிராமங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடு முறையில் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பிரித்துக்கொண்டு வருகின்றன. ஆய்வாளர்கள் வியந்து எழுதிய ஏற்பாடு அது. தண்ணீரைப் பங்கிடத் தெரிந்தவர்களுக்குக் கொட்டகையைப் பங்கிடத் தெரியாதா? அந்த முறையில் பாடு உரிமை இல்லாத இருளர் குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் இதில் சம பங்கு இருக்க வேண்டும் என்பதை மட்டும் அரசு முன்கூட்டியே எழுதி உறுதிசெய்துவிட வேண்டும்.

சட்டத்தில் ஓர் இடைவெளி இருப்பதையும் சுட்டிக்காட்டுகிறேன். 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் நகரங்களையும் பேரூர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அங்கே வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று கொடுக்க வேண்டும், அவர்களின் பிரதிநிதிகள் இடம்பெறும் விற்பனைக் குழு அமைக்க வேண்டும், உரிய அறிவிப்பில்லாமல் அப்புறப்படுத்தக் கூடாது. பழவேற்காடு ஊராட்சியாக இருப்பதால் இங்கே சட்டி வைத்து இறால் வறுக்கும் பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. யாராவது முக்கியப் பிரமுகர் வருகிறார் என்றால் முதலில் எடுக்கச் சொல்லப்படுவது இவருடைய அடுப்பைத்தான். மீஞ்சூர் ஒன்றியமும் ஊராட்சியும் கூடி இவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தாலே பாதிக் குறை தீரும். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு கடைகளுக்குப் பெரிய உரிமம் தேவையில்லை, பதிவு போதும். அதற்கான முகாமைத் துறை அதிகாரிகள் கரையிலேயே ஒரு நாள் நடத்தி, எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் நேரில் காட்டித் தர வேண்டும்.

கழிப்பறையைப் பற்றி மற்றவர்கள் எழுதத் தயங்குவதால் நான் சற்று விரிவாகவே எழுதுகிறேன். காலையில் வந்து மாலையில் திரும்பும் ஒரு குடும்பத்தில் பெண்களும் வயதானவர்களும் தண்ணீர் குடிக்காமலேயே வெயிலில் நாளைக் கழிக்கிறார்கள். என் வீட்டிலேயே, சர்க்கரை நோய் உள்ள என் தாயார் பழவேற்காடு என்றாலே 'நீங்க போய்ட்டு வாங்க' என்று சொல்லிவிடுகிறார். கடை போட்டிருக்கும் பெண்களின் நிலை இதைவிடக் கொடுமையானது. அவர்கள் வாரத்துக்கு ஒருமுறை வந்து போகிறவர்கள் அல்லர். ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனியாக, தண்ணீர் வசதியோடு, தினமும் சுத்தம் செய்ய ஆள் நியமிக்கப்பட்ட கழிப்பறைகள் இல்லாமல் சுற்றுலாவைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. கட்டி முடித்துத் திறப்பு விழா நடத்திவிட்டுப் பூட்டு போடும் கழிப்பறைகளை நாம் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம். பராமரிப்புப் பொறுப்பையும் அதற்கான ஊதியத்தையும் கொட்டகை நடத்தும் குழுவிடமே கொடுத்தால் பூட்டு தொங்காது, ஏனென்றால் அவர்களுக்கும் அது தேவை.

கடைகள் பெருகினால் குப்பை பெருகும், பறவைகள் விலகிப்போகும் என்று இயற்கை ஆர்வலர்கள் அஞ்சுவது நியாயமானது. ஆனால் மக்கள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒழுங்கான இடம் இல்லாததால்தான் எச்சில் தட்டும் தண்ணீர்ப் பாட்டிலும் ஏரியில் மிதக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை உள்ளது. அந்தத் தடையை நிறைவேற்றப் பழவேற்காட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. ஊருக்குள் பனை ஓலைக் கூடை, பெட்டி முடையும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வறுத்த இறாலை வாழையிலை விரித்த ஓலைப் பெட்டியில் கொடுத்தால், சாப்பிட்ட குடும்பம் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போகும். ஒலிபெருக்கி கூடாது, மாலை இருட்டிய பின் கடை கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசின் மகளிர் குழுத் திட்டத்தில் உள்ள பெண்கள் நடத்தும் உணவகங்களில் வெளியூர்க்காரர்களும் தேடிப்போய்ச் சாப்பிடுகிறார்கள். எங்கள் மாவட்டப் பெண்களின் கைப்பக்குவம் எந்த வகையிலும் அதற்குக் குறைந்ததல்ல.

முகத்துவாரம் மணல் அடைத்துக்கொள்ளும் பிரச்சினை இதிலிருந்து தனியானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கடல் நீர் உள்ளே வந்து போனால்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஏரிக்குள் வரும். முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்கும் பணியை அரசு தொய்வில்லாமல் கவனிக்காவிட்டால், கொட்டகை போட்டும் வறுப்பதற்கு ஐஸ் பெட்டி மீன்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது என்பது தெரியும். வரும் காணும் பொங்கலுக்குள் பாலத்துக்கு அருகில் சோதனை முயற்சியாகச் சில ஓலைக் கொட்டகைகள், தண்ணீர்க் குழாய், பெண்களுக்கான கழிப்பறை, இப்போது கடை போட்டிருப்பவர்களுக்கு அடையாள அட்டை ஆகியவற்றையாவது செய்து தர வேண்டும் என்றும், அன்று காவலுக்கு வரும் காவலர்கள் படகைத் தடுப்பதோடு நில்லாமல் குடும்பங்களைக் கொட்டகைகளின் பக்கம் வழிகாட்டி அனுப்ப வேண்டும் என்றும் திருவள்ளூர் மாவட்ட ஆட்சியரையும் சுற்றுலாத் துறையையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொன்னேரி வாசகர் ஒருவர்