கன்ட்ரோலர் இரண்டு, சுவிட்ச் ஒன்று: ஸ்டோரேஜ் நிறுவல் குறித்த புகார்

அனுப்புநர்:
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்,
பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், திருப்பூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
ஸ்டோரேஜ் விற்பனை மற்றும் நிறுவல் பிரிவு.

பொருள்: ஸ்டோரேஜின் ஐபி முகவரி, நெட்வொர்க் சுவிட்ச் (கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி) ஆகியவற்றைத் தவறாக அமைத்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய ஐ-ஸ்கஸி (நெட்வொர்க் கேபிள் வழியாக சர்வர்களுக்கு டிஸ்க் இடம் தரும்) ஸ்டோரேஜில்தான் எங்கள் ஈஆர்பி (நிறுவன நிர்வாக மென்பொருள்) சர்வர்கள் ஓடுகின்றன. ஷிப்மென்ட் நெருக்கடியில் அது நின்றபோது புகார் கொடுத்தோம். "ஸ்டோரேஜில் பழுதில்லை, நெட்வொர்க் வாடிக்கையாளர் பொறுப்பு" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டீர்கள். சுவிட்ச் கொடுத்தது, கேபிள் போட்டது, முகவரி எழுதியது எல்லாமே உங்கள் ஆட்கள்தான். உங்கள் இன்வாய்ஸிலேயே அது இருக்கிறது.

ஸ்டோரேஜின் நான்கு டேட்டா போர்ட்டுகளுக்கும் 192.168.1.60 முதல் 63 வரை முகவரி கொடுத்திருக்கிறார் உங்கள் இன்ஜினியர். பிரிண்டர், கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கும் ஆபீஸ் நெட்வொர்க் அது. அங்கே டிஹெச்சிபி (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் சேவை) 50 முதல் 200 வரையுள்ள முகவரிகளைத் தானாக வழங்கும் என்று நிறுவலுக்கு முன்பே படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தோம். யாரும் படிக்கவில்லை போலும். கடைசியில் 61ஆம் முகவரி தையல் பிரிவின் விரல்ரேகை வருகைப்பதிவு மெஷினுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அந்தப் பாதை விழுவதும் எழுவதுமாக இருந்து சர்வர்கள் திணறின. ஸ்டோரேஜ் டிராஃபிக்குக்கு கேட்வேகூட (வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வழி) தேவையில்லை. 10.10.10, 10.10.20 என்று இரண்டு தனி சப்நெட் (தனித்தனி முகவரிக் குழு) போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு சுவிட்சில் நிறுத்தியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

ஆனால் இரண்டாவது சுவிட்ச் எங்கே? கொட்டேஷனில் 'இரட்டைப் பாதை' என்று போட்டு, ஒன்று போனாலும் மற்றது ஸ்டோரேஜை ஓட்டும் என்று இரண்டு கன்ட்ரோலருக்குக் காசு வாங்கினீர்கள். நான்கு கேபிளும் ஒரே சுவிட்சில் செருகியிருக்கின்றன. வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்து, இரண்டையும் ஒரே முட்டுச்சந்தில் திறந்துவிட்ட கதைதான். யுபிஎஸ் பேட்டரி மாற்ற வந்தவர் அந்த சுவிட்சின் ஒரே பவர் கார்டைக் கழற்றினார். அந்த நொடியே இரண்டு கன்ட்ரோலர்களின் தொடர்பும் சேர்ந்தே போய்விட்டது.

பவர் வந்த பிறகும் விடிவில்லை. எல்லா விளக்கும் பச்சை, லாகின் ஆகிறது, ஃபைலைத் திறந்தால் மட்டும் அப்படியே உறைந்து நிற்கிறது. பாக்கெட்டைத் துண்டிக்காமல் அனுப்பும்படி 1472 பைட் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) கொடுத்தேன், பதில் வந்தது. 8972 கொடுத்தேன், ஒன்றும் வரவில்லை. சர்வரிலும் ஸ்டோரேஜிலும் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000, சுவிட்சில் 1500. நிறுவிய அன்று சுவிட்சில் ஜம்போ ஃபிரேமை (பெரிய பாக்கெட்டை அனுமதிக்கும் வசதி) இயக்கிய உங்கள் இன்ஜினியர் கான்ஃபிகரேஷனை சேவ் செய்யவே இல்லை. சுவிட்ச் அணைந்து எழுந்ததும் பழைய நிலைக்குப் போய்விட்டது. லாகினுக்குப் போகும் சின்ன பாக்கெட் கடந்துபோகும், டேட்டா சுமக்கும் பெரிய பாக்கெட்டை சுவிட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். இதைக் கண்டுபிடித்தது நாங்கள். வந்து பார்த்ததற்கு பில் அனுப்பியது நீங்கள்!

அந்த சுவிட்ச் மாடலே ஆபீஸ் மேஜைகளுக்கானது என்பது இன்னொரு விஷயம். பாக்கெட் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம்) சிறியது, ஃப்ளோ கன்ட்ரோலும் (நெரிசலில் அனுப்புவதை நிறுத்தச் சொல்லும் வசதி) அணைத்தே இருக்கிறது. பல சர்வர்கள் ஒரே நேரத்தில் படித்தால் டிராப் (கைவிடப்பட்ட பாக்கெட்) எண்ணிக்கை ஏறுவதை ஸ்கிரீன்ஷாட்டில் பாருங்கள், இணைத்திருக்கிறேன்.

ஆகவே, ஸ்டோரேஜ் டிராஃபிக்கைத் தாங்கும் பஃபரும் இரட்டைப் பவர் சப்ளையும் உள்ள இரண்டு சுவிட்சுகளை உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். ஒவ்வொரு கன்ட்ரோலரிலிருந்தும் இரண்டு சுவிட்சுக்கும் கேபிள் வர வேண்டும். முகவரிகளைத் தனி சப்நெட்டுகளுக்கு மாற்றி, எந்த போர்ட்டுக்கு எந்த முகவரி என்ற தாளைக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். விசிட் பில்லை ரத்து செய்ய வேண்டும். அதுவரை பாக்கியுள்ள நிறுவல் தொகையைத் தர மாட்டோம்.

வேலை முடிந்ததும் உங்கள் இன்ஜினியர், பெரிய ஃபைல் ஒன்று காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே, எங்கள் முன்னால் ஒரு சுவிட்சை முழுவதுமாக அணைத்துக் காட்ட வேண்டும். காப்பி நிற்காமல் ஓடினால் அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஷிப்ட் இல்லை, அன்று ஆள் அனுப்பினால் வசதி.

இப்படிக்கு,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்