டெய்லர் அக்காவுக்கும் கூட நின்ன எல்லாருக்கும் நன்றி

நடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும், அத திரும்ப எழுத எனக்கு தெம்பு இல்ல. பாப்பாவுக்கு பண்ணி வைக்க இருந்த கல்யாணம் நின்னுருச்சு, அவ மறுபடி ஒம்பதாம் க்ளாஸ்ல தன் இடத்துல போய் உக்காந்துட்டா, இப்போதைக்கு அது போதும்.

முதல் நன்றி எங்க டெய்லர் அக்காவுக்குத்தான். பேர் போட வேணாம்னு சொல்லிட்டாங்க. நாங்க சனிக்கிழமை சாயங்காலம் பொண்ணுங்கள வச்சு நடத்துற கூட்டத்துக்கு அவங்க ஒரு நாள் கூட வந்ததில்ல, கூப்பிட்டா "பொழப்பு கெடக்கு கண்ணு, எனக்கேது நேரம்"னு மெஷின மிதிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. ஆனா நாங்க பேசுறதெல்லாம் ஜன்னல் வழியா அவங்க காதுல விழுந்துக்கிட்டேதான் இருந்திருக்கு, அது எனக்கு இப்பதான் தெரியுது.

பாப்பாவோட அம்மா ஒரு பட்டு ஜாக்கெட் துணிய கொண்டு வந்து, அளவுதான் உங்க நோட்டுலயே இருக்கே அத வச்சு தச்சுருங்கன்னு குடுத்துட்டு போயிருக்காங்க. அக்கா நோட்ட புரட்டி பாத்தா அது ஜூன் மாசம் யூனிஃபார்முக்கு எடுத்த அளவு. எட்டாவது வரைக்கும் கவர்மென்ட்ல யூனிஃபார்ம் குடுத்துருவாங்க, ஒம்பதாவதுக்கு நாமதான தைக்கணும், அப்ப எடுத்தது. தோள், கை, இடுப்புன்னு வரிசையா எழுதி மேல "9ஆம் வகுப்பு"ன்னு போட்டிருக்கு. அதுக்கப்புறம் அந்த துணியில கத்திரி வைக்க மனசே வரலன்னாங்க. கடைய சாத்திட்டு இருட்டுல நடந்து எங்க வீட்டுக்கு வந்து, அந்த நோட்ட என் கையில குடுத்து "இத பாரு"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. ஆத்தா அப்பன் யாரு, எந்த வீடுன்னு நானே பாத்து புரிஞ்சுக்கிட்டேன்.

அக்காவுக்கும் பதினஞ்சு வயசுல கல்யாணம் ஆனதுதான். நம்ம மலைப்பக்கம் வயசுக்கு வந்துட்டா முறைப்பையன் கையில புடிச்சு குடுத்துரணும், இல்லன்னா சொந்தம் விட்டுப்போகும்னு சொல்லி சொல்லியே வளத்த தலைமுறை அவங்க. அந்த சொந்தபந்தமே இப்ப தைக்கக் குடுத்த துணிய எல்லாம் திரும்ப வாங்கிட்டு போயிருச்சு. அதப் பத்தி ஒரு வார்த்தை குறை சொல்லல அவங்க. அக்கா, உங்க கால்ல விழுந்தாலும் தகும்.

அப்புறம் குழந்தைங்களுக்கான உதவி நம்பர் 1098ல ஃபோன எடுத்து, நான் அழுதுக்கிட்டே பேசினத பொறுமையா கேட்ட அந்த தங்கச்சி, விடியக்காலைல ஜீப்ல வந்த சமூகநல அலுவலர் மேடம், குழந்தைகள் நலக் குழுல இருந்தவங்க, ஹெச்.எம். சார், க்ளாஸ் டீச்சர், மகளிர் குழு அக்காங்க, பாப்பாவ விட்டு நகராம கூடவே இருந்த நம்ம சனிக்கிழமை பொண்ணுங்க, எல்லாருக்கும் நன்றி. மேடம் ஒரு சத்தம் போடல. 2006ல வந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துல பதினெட்டு ஆகாத பொண்ணுக்கு கல்யாணம் பண்ணி வச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம்னு பாப்பாவோட அப்பாகிட்ட பக்கத்துல உக்காந்து சொன்னாங்க, சொல்லிட்டு புதுமைப்பெண் திட்டத்தையும் சொன்னாங்க, ஆறாவதுலருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சுட்டு காலேஜ் சேந்தா மாசம் 1000 ரூபாய் பொண்ணு பேர்ல பேங்க்குக்கே வரும்னு. அவரு அப்பதான் தலைய நிமித்தினாரு.

அந்த திட்டத்துக்கு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர வச்சிருக்காங்க. பொண்ணுங்கள கோயிலுக்கு தேவதாசியா நேந்து விடுற பொட்டுக்கட்டுற வழக்கத்த எதிர்த்து ஊர் ஊரா பேசினவங்க, 1947ல அத தடுக்க சட்டமே வந்துச்சு. அத தெய்வ காரியம்னு சொன்ன காலம் அது, அதுவே போச்சுல்ல, இதுவும் போகும்னு நான் பொண்ணுங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன். நான் நம்பித்தான் சொன்னேன், இருந்தாலும் இந்த வாரம்தான் கண்ணால பாத்தேன்.

ஏற்கனவே கல்யாணம் ஆகிப்போன பிள்ளைங்க இத யார் ஃபோன்லயாவது படிச்சீங்கன்னா, உங்களுக்கும் வழி இருக்கும்மா. பதினெட்டு முடிஞ்சு ரெண்டு வருஷத்துக்குள்ள, அதாவது இருபது வயசு ஆகுறதுக்குள்ள, அந்த கல்யாணத்த செல்லாதுன்னு ஆக்க கோர்ட்டுல கேக்கலாம். தனியா போக பயமா இருந்தா என்னைய கூப்பிடுங்க, நான் கூட வரேன், எத்தன தடவ ஆனாலும் வரேன். இனிமே சனிக்கிழமை கூட்டத்துக்கு அம்மாக்களையும் கூப்பிடப் போறேன், அண்ணன் தம்பிங்களையும்தான். பொண்ணுக்கு மட்டும் தைரியம் சொல்லிக் குடுத்துட்டு அவள அதே வீட்டுக்குள்ள தனியா அனுப்பி வைக்கிறது நியாயமே இல்ல.

கடைசியா ரெண்டு விஷயம் கேட்டுக்கறேன். தைக்க துணி இருந்தா அக்காகிட்ட குடுங்க. அப்புறம் பாப்பா வீட்ட யாரும் ஒதுக்காதீங்க, ஜெயிச்சுட்டோம்னு அவங்க வாசல்ல நின்னு பேசவும் வேணாம். அந்த அப்பா சொந்தக்காரங்க கிட்ட பேச்சு வாங்கிக்கிட்டு, இன்னைக்கு காலைல தானே பாப்பாவ கூட்டிட்டு போய் ஸ்கூல் பஸ் ஏத்தி விட்டாரு. வழியில பாத்தா நின்னு நாலு வார்த்தை நல்லா பேசிட்டு போங்க.