சீனா போகும் மாணவர்கள் சுவான்சோவையும் பார்க்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2020-இல் நின்றுபோன இந்திய - சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மறுபடி பறக்கத் தொடங்கின. என் மகள் படிக்கும் கல்லூரியிலும் சீனாவுக்குக் கல்விச் சுற்றுலா என்று ஒரு பயணத் திட்டத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பெய்ஜிங்கில் பெருஞ்சுவரும் அரண்மனையும், அப்புறம் புல்லட் ரயிலில் ஷாங்காய், அங்கே படகுச் சவாரி, கடைவீதி. அவ்வளவுதான். பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய்க்கு 1,318 கிலோமீட்டர். அதை நாலரை மணி நேரத்தில் கடக்கிற ரயிலில் ஏறுவது பொறியியல் பிள்ளைகளுக்கு நல்ல பாடம்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களின் பட்டியலில் சுவான்சோ இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

குவான்சோ என்றும் எழுதப்படும் இந்த ஊர் ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கும் பழைய துறைமுகம். அரபு வணிகர்கள் சைத்தூன் என்று அழைத்தது இதைத்தான். நம் வணிகர்களும் அங்கே தங்கி வாழ்ந்திருக்கிறார்கள், சிவன் கோயில் கட்டியிருக்கிறார்கள். 1956-இல் அங்கே ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம் என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதாவது கி.பி. 1281, மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் சீனாவை ஆண்ட காலம். கானின் திருமேனி நலமாக இருக்க வேண்டும் என்று சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளச் செய்த செய்தி அதில் இருக்கிறது. கடைசியில் சீன எழுத்தும் உண்டு.

அந்த ஊரில் கையுவான் என்ற பெரிய பௌத்தக் கோயில் இருக்கிறது. அதன் பிரதான மண்டபத்தின் பின்புறத் தூண்கள் இரண்டில் இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மரையும், உரலை இழுத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே போகும் கண்ணனையும் பார்க்கலாம். இடிந்துபோன நம் கோயிலின் கற்களைப் பிற்காலத்தில் அங்கே எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் கிடைத்த இன்னொரு சிற்பத்தில் யானை ஒன்று லிங்கத்தை வழிபடுகிறது. திருவானைக்காவல் தலபுராணம் கேட்டு வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பார்த்ததும் சொல்லிவிடுவாள்.

1974-இல் அந்த ஊர்க் கடற்சேற்றிலிருந்து 13-ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். வாசனைக் கட்டைகள், மிளகு எல்லாம் அதில் இருந்தன. 2021-இல் யுனெஸ்கோ சுவான்சோவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே இது யாருக்கும் தெரியாத மூலை ஊர் இல்லை. பக்கத்து நகரமான சியாமென் வரை போய்விட்டால் அதிவேக ரயிலில் அரை மணி நேரம் போல்தான் ஆகும்.

கிளம்பும் முன்பே வரலாற்று ஆசிரியர் ஒருவர் மாணவர்களை உட்காரவைத்து அந்தக் கல்வெட்டின் படியெடுப்பைப் படிக்கச் சொல்ல வேண்டும். தெரிந்துகொண்டு போய் நிற்பதும், வழிகாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டே செல்ஃபி எடுத்துவிட்டு வருவதும் ஒன்றல்ல. சீன மாணவர்களோடு அரை நாளாவது ஒரு வகுப்பறையில் உட்கார ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது.

இதைச் சேர்த்தால் ஷாங்காயில் ஒரு நாள் குறையும் என்று பயண முகவர்கள் சொல்வார்கள். குறையட்டும், கடைவீதி இங்கேயும் இருக்கிறது. முன்பணம் கட்டுவதற்கு முன்பே பெற்றோர்கள் கல்லூரி நிர்வாகத்திடம் இதைக் கேட்க வேண்டும். நான் கேட்டிருக்கிறேன். மற்றவர்களும் கேட்டால்தான் திட்டம் மாறும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
திருச்சி.