சாஃப்ட்வேர் லைப்ரரிய மாத்தினதும் மெசேஜ் எங்க போகுது?

எடிட்டர் சாருக்கு வணக்கம்,

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல டிரைலர் லைன் கட்டி நிக்கிறது உங்க பேப்பர்ல அடிக்கடி வருது, காரணம்னு பாத்தா "சர்வர் கோளாறு"ன்னு முடிஞ்சிடுது. நான் தண்டையார்பேட்டைக்காரன், கன்டெய்னர் யார்டுங்களுக்கு சாஃப்ட்வேர் சப்போர்ட் பாக்குறேன். அந்த கோளாறு என்னன்னு கொஞ்சம் விவரமா எழுதுறேன், ஏன்னா வெயில்ல நிக்கிற டிரைவருக்கு யாரும் எதுவும் சொல்றதில்ல.

மணலி பக்கம் ஒரு யார்டு, பேர் வேணாம். கேட் பாஸ் போடுற ஆப் ஒரு சர்வர்ல மட்டும் ஓடல, சில நோடு (தனித்தனியா ஓடுற சர்வர்) சேர்ந்த கூட்டம், அதுக்கு பேர் கிளஸ்டர், ஒரு நோடுல பாஸ் போட்டா மெசேஜ் மத்த நோடுக்கும் போகணும், அப்பதான் உள்ள இருக்குற கிரேன் ஆபரேட்டர் ஸ்கிரீன்ல வண்டி தெரியும். நோடுங்க பேசிக்க ஜேகுரூப்ஸ்னு ஒரு ஜாவா லைப்ரரி, அதாவது ரெடிமேட் புரோகிராம் கோடு. அதை 3.6ல இருந்து 4க்கு மாத்தினாங்க, வேலை நிக்கக்கூடாதேன்னு ஒவ்வொரு நோடா. அதுதான் வினை. 3ம் 4ம் ஒண்ணோட ஒண்ணு பேசாது. வர்ற மெசேஜ் பாக்கெட்டுல வெர்ஷன் நம்பர் இருக்கும், ஒத்துப்போகலன்னா அப்படியே தூக்கி போட்டுட்டு லாக்ல (நடந்ததை எழுதி வைக்கிற ஃபைல்) ஜேஜிஆர்பி000010னு ஒரு வார்னிங் எழுதும், அவ்ளோதான். பழைய நோடு ஒரு கோஷ்டி, புது நோடு ஒரு கோஷ்டி, ரெண்டுலயும் தனித்தனி கோஆர்டினேட்டர், அதாவது தலைவர் நோடு. கேட்டுல பாஸ் ஓகே, உள்ள ஸ்கிரீன்ல அப்படி ஒரு வண்டியே இல்ல, அதனால வண்டி நகராம வெளிய லைன் கட்டுது.

உடனே பழி நெட்வொர்க் மேல. இதை நான் ஒத்துக்கவே மாட்டேன் சார். யுடிபில (போய் சேர்ந்துச்சான்னு பாக்காம அனுப்புற முறை) பாக்கெட் தொலையறது சகஜம்தான், அதுக்காகவே ஒவ்வொரு மெசேஜுக்கும் வரிசை நம்பர் போட்டு, நடுவுல ஒண்ணு வரலன்னா திருப்பி கேட்டு வாங்கிக்கிற வேலைய லைப்ரரியே பாக்குது. ஆனா அது ஒரே கிளஸ்டர்ல மெம்பரா இருக்குறவங்களுக்குள்ள மட்டும். ரேஷன் கார்டுல பேர் அடிச்சிட்டா சாமான் கிடைக்காது இல்லையா, அதே கதைதான், மெம்பர் லிஸ்ட்ல இல்லாத நோடு எல்லாருக்கும்னு எது அனுப்பினாலும் "நான்-மெம்பர்"னு சொல்லி தள்ளிடும், ஜேஜிஆர்பி000011. வெர்ஷன் எல்லாம் ஒண்ணா இருந்தாலும் இது வரும், ஜாவா மெமரி கிளீன் பண்ண ரொம்ப நேரம் எடுத்தா அதுவரை அந்த நோடோட ஹார்ட்பீட் (உயிரோட இருக்கேன்னு அனுப்புற சிக்னல்) வராது, செத்துப்போச்சுன்னு நினைச்சு மத்தவங்க பேரை எடுத்துடுவாங்க, அது பாட்டுக்கு உயிரோட மெசேஜ் அனுப்பிட்டு இருக்கும்.

அதனால கேபிள பிடுங்கி மாட்டுறதுக்கு முன்னாடி எல்லா நோடு லாக்லயும் வியூ லைன (இப்ப கிளஸ்டர்ல யார் யார் மெம்பர்னு காட்டுற வரி) பாருங்க. மூணு நோடு ஓடுது, வியூல ஒண்ணுதான் இருக்குன்னா கிளஸ்டரே சேரல. வெர்ஷன் சரியா இருந்தும் சேரலன்னா பைண்ட் அட்ரஸ் (எந்த நெட்வொர்க் கார்டு வழியா பேசணும்ங்கிற செட்டிங்) பாருங்க, புது கான்ஃபிக் ஃபைல் போட்டதுல வேற நெட்வொர்க் கார்டுக்கு போயிருக்கும். ஜேஜிஆர்பி000012 வந்தா டெஸ்ட் கிளஸ்டர் மாதிரி வேற ஒண்ணும் அதே மல்டிகாஸ்ட் அட்ரஸ் (எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுப்புற முகவரி), அதே போர்ட்டுல ஓடுதுன்னு அர்த்தம், லாக்ல சத்தம்தான், நம்ம மெசேஜ் தொலையாது, ஆனாலும் போர்ட்ட பிரிச்சிடுங்க. 000015 வந்தா ஜேகுரூப்ஸ் கேட்ட அளவு பஃபர (பாக்கெட் காத்திருக்குற மெமரி), அனுப்புறதுக்கோ வாங்குறதுக்கோ, லினக்ஸ் தரல, வாங்குற ரிசீவ் பஃபர் பல மெஷின்ல டீஃபால்ட் 212992 பைட்டுதான், ஜேகுரூப்ஸ் மேனுவல்ல 25 எம்பி வரை ஏத்த சொல்றாங்க. இது சின்னதா இருந்தா திருப்பி கேட்டே நேரம் போகும், மெசேஜ் லேட்டாகும், ஆளுங்க தொலைஞ்சதுன்னு சொல்வாங்க.

யார்டு முதலாளிங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதிரி பெரிய வெர்ஷன் மாத்தும்போது வண்டி கம்மியா வர்ற நேரம் பாத்து எல்லா நோடையும் நிறுத்தி ஒண்ணா மாத்த விடுங்க. நிறுத்தவே முடியாதுன்னா புது வெர்ஷன வேற பேர், வேற போர்ட்டுல தனி கிளஸ்டரா எழுப்பி சரி பாத்துட்டு கேட் பாஸ் வேலைய மொத்தமா அங்க திருப்பலாம். கொஞ்ச நேரம் கேட் மூடுறதுக்கு பயந்துகிட்டு ராத்திரி முழுக்க டிரைவர ரோட்டுல நிக்க வைக்கிறது அநியாயம் சார்.

உங்க ரிப்போர்ட்டருங்களும் அடுத்த தடவ சர்வர் கோளாறுன்னு யாராவது சொன்னா, நேத்து என்ன மாத்தினீங்க, எல்லா நோடுலயும் மாத்தியாச்சான்னு கேட்டு அந்த பதிலையும் சேர்த்து போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தண்டையார்பேட்டை