சுண்டு இப்போ சுண்டு இல்ல

கலை,

ரெண்டு மாசமா நீ போட்ட மெசேஜுக்கெல்லாம் வெறும் கட்டைவிரலக் காட்டிட்டு இருந்தேன், தெரியும், இத முழுசா படிச்சிட்டுத் திட்டு. இங்க எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியேதான். விஷயம் என்னன்னா, எங்க பூனை சுண்டு ஏழு கிலோ இருநூறு வரைக்கும் போயிட்டான்.

சிரிக்காதடி. உள்ளங்கைக்குள்ள அடங்கினான்னு பேரு வெச்சதே நீதான்.

நானா கண்டுபிடிக்கல. வாலுக்கு மேல முதுகுல முடி சிக்குப் பிடிச்சு செதில் செதிலா உதிர்ந்துச்சு, தோல் வியாதின்னு தூக்கிட்டு ஓடினேன். டாக்டரம்மா பாத்துட்டு, தோல்ல ஒண்ணுமில்ல, அவனுக்கு அங்க நாக்கு எட்டலைன்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து கவனிச்சேன், திரும்பி நக்கப் போறான், பாதி வழியில தொப்பை தடுக்குது, பக்கவாட்டுல சாஞ்சு விழுந்துட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி சுவத்தப் பாக்குறான். நம்ம ஹாஸ்டல் வார்டன் படியில வழுக்கினாங்களே, அதே மூஞ்சி. சிரிச்சு முடிக்கல, அழுகை வந்துருச்சு.

டாக்டரம்மா ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க. கையத் தட்டையா வெச்சு புறங்கையத் தடவிப் பாரு, எலும்பு லேசா தட்டுப்படுதில்ல, பூனையோட விலா அப்படி இருக்கணுமாம். சுண்டுவத் தடவினா உள்ளங்கையத் தடவின மாதிரி மெத்து மெத்துன்னு இருக்கு.

அடுத்து நான் பண்ணதுதான் பெரிய கூத்து. அன்னைக்கே டயட் உணவு வாங்கி, பழசத் தூக்கி ஓரமா வெச்சுட்டு, அதுவும் பாதி அளவுதான் வெச்சேன். மோந்து பாத்துட்டுப் போயிட்டான். பசிச்சா தின்னுட்டுப் போறான்னு நானும் வீம்பா ஒன்றரை நாள் விட்டுட்டேன். போன்ல டாக்டரம்மா கிழிச்சுட்டாங்க. குண்டா இருக்குற பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடலைன்னா உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரல்ல போய்ச் சேந்து உயிருக்கே ஆபத்தாயிடுமாம், கண்ணும் ஈறும் மஞ்சளாயிடுமாம். இளைக்க வைக்கப் போயி கொன்னுருப்பேன் கலை. பழைய டப்பா உணவ லேசா சூடு பண்ணி விரல்ல தொட்டுக் குடுத்து, நக்குற வரைக்கும் உக்காந்திருந்தேன், அந்த ராத்திரிய மறக்க மாட்டேன்.

இப்போ எல்லாம் கணக்குதான். அஞ்சு கிலோ இருக்க வேண்டிய பூனைக்கு நாளைக்கு 190 கலோரி கிட்ட, கப்புல அளக்காம தராசுல கிராம் கணக்கா. புதுச பழசோட கலந்து கலந்து பத்து நாள்ல மாத்தினேன். டப்பா உணவுல முக்காவாசி தண்ணிதான், அதனால தட்டு நிறைஞ்ச மாதிரியும் இருக்கும், கலோரியும் கம்மி. வாரத்துக்கு நூத்துல ஒரு பங்கு எடை எறங்கினா போதும், வேகமா எறங்கினாதான் பயப்படணுமாம். பாதி சாப்பாட்ட முட்டை அட்டைக் குழியில ஒளிச்சு வெக்கிறேன், கைய விட்டு நோண்டி எடுக்கட்டும்னு.

யாரு இவ்வளவு ஊட்டினதுன்னு விசாரிச்சா, காலைல நான், நான் போனதும் இவரு, மதியம் அம்மா "கொஞ்சூண்டுதானே"ன்னு. கருத்தடை ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்புக்குத் தேவை குறையும், பசி மட்டும் கூடும்னு எங்க மூணு பேருக்குமே தெரியல. என்னதான் சொல்லு, ஆபீஸ்ல இருந்து லேட்டா வந்த ஒவ்வொரு நாளும் மனசு கேக்காம ஒரு கைப்பிடி அதிகமா போட்டது நான்தான். அவன் என்னவோ விளையாடத்தான் கூப்பிட்டிருப்பான். இப்போ குச்சில கயிறு கட்டி அஞ்சஞ்சு நிமிஷமா ஆடுறோம், எனக்குத்தான் முதல்ல மூச்சு வாங்குது.

இப்படியே விட்டா சர்க்கரை வரும், மூட்டு போகும்னு டாக்டரம்மா சொன்னதச் சொன்னேன். சர்க்கரைய அம்மா கண்டுக்கல, மூட்டுன்னதும் கப்சிப்.

ஒன்பது வாரம் ஆச்சு, இப்போ ஆறு கிலோ அறுநூறு. நேத்து ஜன்னல் திண்டுல தானா ஏறிட்டான், ரெண்டு வருஷமா ஏறினதே இல்ல. எறங்கத்தான் தைரியம் வராம வீடே அதிர்ற மாதிரி கத்தினான்.

நீ வரும்போது பூனைக்குன்னு விக்கிற அந்த பாக்கெட் தீனி சமாச்சாரம் எதையும் வாங்கிட்டு வராத. வாங்கித் தொலைச்சாலும் அம்மா கையில மட்டும் குடுத்துராத.

மீனா